இடது பாதி

ரவானின் வீட்டில் நல்ல பொருள் என்று எதுவும் இருக்காது. வசதி இல்லாமல் இல்லை. ஹாலந்துக் கம்பெனி ஒன்றுக்கு அல்மாத்தியில் உட்கார்ந்தபடியே புரோகிராம் எழுதுகிறவன், நினைத்தால் வாங்கலாம். ஆனால் வாங்கினால் அது தோலேகென் கண்ணில் படும். பட்டால் பிடிக்கும். பிடித்தால் கேட்பான். கேட்டால் கொடுத்தாக வேண்டும். அதனால் பதினெட்டு வருடமாக ரவான் சுமாரான கெட்டிலில் தண்ணீர் சுட வைத்து, சுமாரான சோபாவில் உட்கார்ந்து, கீறல் விழுந்த போனில் பேசிக்கொண்டிருந்தான்.

தோலேகென் அவனுடைய அக்கா மகன், அதாவது ஜியென். ஜியெனுக்குத் தாய்மாமன் வீட்டில் மூன்று முறை எதை வேண்டுமானாலும் கேட்கும் உரிமை உண்டு. மாமன் முகம் கோணாமல் எடுத்துக் கொடுக்க வேண்டும். குதிரை மந்தை வைத்திருந்த கசாக் முன்னோர்கள் செய்துகொண்ட ஏற்பாடு. மந்தையில் ஒன்று குறைந்தால் மேய்க்கிறவனுக்கே தெரியாது. ஒன்பதாவது மாடியில் இரண்டு அறை வீட்டில் இருப்பவனுக்கு நன்றாகத் தெரியும்.

அக்கா பிபிகுல் ரவானைவிட இருபத்தோரு வயது பெரியவள். ஆகவே மருமகன் மாமனைவிட எட்டு மாதம் மூத்தவன். இருந்தாலும் "மாமா" என்பதில் ஒரு குறையும் வைக்கமாட்டான். அப்படி அழைப்பதால்தானே உரிமை.

முதல் முறை கேட்டபோது இருவருக்கும் ஏழு வயது. ரவானின் சைக்கிளைக் கேட்டான். ரவான் கன்னத்தில் ஒன்று விட்டான். பெரியவர்கள் ஓடிவந்து அடித்தவனையே நாலு சாத்து சாத்தி, சைக்கிளை அடிபட்டவனிடம் கொடுத்தார்கள். இரண்டாம் முறை பதினெட்டு வயதில், ஜனவரி மாதத்தில், பஸ் நிறுத்தத்தில். கேட்டது ரவான் போட்டிருந்த ஆட்டுத்தோல் கோட்டு. அன்று குளிர் மைனஸ் இருபத்துநாலு.

மூன்றாவதைக் கேட்கவே இல்லை. பத்திரமாக வைத்திருந்தான். அவனை எதிலாவது அதைச் செலவழிக்க வைத்துவிட ரவான் படாத பாடு பட்டான்.

"அந்தக் கெட்டில் நல்லா இருக்குல்ல மாப்ளே?"

"நல்லாத்தான் இருக்கு மாமா. சும்மா குடுத்தா வாங்கிக்கறேன். கேக்க மாட்டேன்."

இப்படியே இரண்டு பேரும் மூப்படைந்து செத்துப்போயிருக்கலாம். அதற்குள் கை குறுக்கே வந்தது.

ஒரு இலையுதிர்காலத்தின் கடைசியில் ரவானின் மணிக்கட்டு வலிக்க ஆரம்பித்தது. பிறகு விரல்கள் மரத்தன. பத்து வரி டைப் அடித்தால் சுண்டுவிரலும் மோதிரவிரலும் வேறு யாருடையவோ போலக் கிடந்தன. இரண்டு முறை மருத்துவ விடுப்பு எடுத்தான். இரண்டாவது முடிந்து ஜனவரியில் திரும்பியபோது கம்பெனியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. மிக அன்பான கடிதம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், சூரியகாந்திப் பூவின் படம், வருடக் கடைசிவரை தடையின்றி வேலை நடந்தால் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்போம். ஹாலந்துக்காரர்கள் கோபமாக எழுதினால் பயப்பட வேண்டியதில்லை. பூப்படம் வைத்தால் பயப்பட வேண்டும்.

ரவான் நல்ல பொருள் வாங்காத விரதத்தை முறித்தான். அந்தக் கோடையில் ஹாலின் ஜன்னலோரத்தில் ஒரு அலுவலகம் எழுந்தது. ஏழு கைப்பிடி வைத்த நாற்காலி. எந்தக் கைப்பிடி எதற்கென்று தெரிந்துகொள்ளவே ஒரு வாரம் போனது. அதன்பின் இடுப்பு என்ற ஒன்று இருப்பதே அவனுக்கு மறந்துபோயிற்று. மோட்டார் வைத்த மேசை. பட்டனை அழுத்தினால் ஏறும், இறங்கும். நின்றுகொண்டும் வேலை செய்யலாம். திரை கண் மட்டத்தில். முழங்கை தொண்ணூறு டிகிரியில்.

எல்லாவற்றுக்கும் மேலாக அந்தக் கீபோர்டு. போலந்தில் யாரோ ஒருவர் கையால் செய்து விற்கிறார்; வரிசையில் பெயர் கொடுத்து ஐந்து மாதம் காத்திருந்தான். இரண்டு பாதியாக இருக்கும். இடது பாதி இடது தோளுக்கு நேரே, வலது பாதி வலது தோளுக்கு நேரே. நடுவில் ஒரு கோப்பைத் தேநீர் வைக்கலாம். பட்டன்களில் எழுத்தே கிடையாது. சாதாரணக் கீபோர்டில் கசாக் எழுத்துகள் எண்களின் இடத்தை அடைத்துக்கொள்ளும். எண்ணுக்கு ஒரு தாவல், எழுத்துக்கு ஒரு தாவல் என்று மாறி மாறியே பாதி மணிக்கட்டு போய்விடும். ரவான் எல்லாவற்றையும் கட்டைவிரல்களுக்குக் கீழே கொண்டுவந்து, தனக்கென்று ஒரு வரிசை அமைத்தான். பழக ஏழு வாரம் பிடித்தது. எட்டாவது வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை பகல் முழுதும் வேலை செய்துவிட்டு எழுந்தான். கை வலிக்கவில்லை. மனைவி ஸாவ்லேயிடம் போய்ச் சொல்ல நினைத்தான். சொன்னால் திருஷ்டி பட்டுவிடுமோ என்று சொல்லாமல் விட்டான்.

கை விஷயம் அதற்குள் சொந்தக்காரர்கள் வட்டாரத்தில் பரவியிருந்தது. அக்காவிடம் நோய்க்குக் காரணமும் தயாராக இருந்தது. ஜியெனைக் கைநீட்டி அடித்தவனுக்கு என்றைக்காவது கை நடுங்கும் என்பது அவர்களில் சின்னக் குழந்தைக்கும் தெரிந்த விஷயம்.

"அன்னைக்கு அறைஞ்சேல்ல, அதுதான்," என்றாள் போனில்.

"அக்கா, அது நடந்து இருபத்தொம்பது வருஷம் ஆச்சு."

"மெதுவா வரும்."

"நடுக்கமே இல்லக்கா. மரத்துப்போகுது."

"எல்லாம் ஒண்ணுதான். சனிக்கிழமை அவனக் கூட்டிட்டு வர்றேன். அந்த மூணாவதையும் கேட்டு வாங்கிட்டு மனசாரப் போகட்டும். உன் கையும் சரியாப் போயிரும். மதியத்துக்கு வர்றோம், கறி நிறைய வைக்கச் சொல்லு."

கை சரியாகிவிட்டது என்று சொல்லியிருந்தால் எப்படிச் சரியானது என்று கேட்பாள். ரவானுக்கு விளக்கத் தெம்பில்லை. சரி என்றான்.

சனிக்கிழமை காலை வீட்டில் நல்ல பொருள்களை மறைக்கும் வேலை நடந்தது. கீபோர்டைத் துண்டில் சுற்றி வாஷிங் மெஷினுக்குள் வைத்தான். நாற்காலியின் மேல் இரண்டு பஞ்சு மெத்தைகளைப் போர்த்தினான். யாரோ காய்ச்சல்காரர் உட்கார்ந்திருப்பது போல இருந்தது. மேசையைக் கடைசிவரை இறக்கி, விரிப்புப் போட்டு, பவுர்சாக் என்கிற பொரித்த மாவுருண்டைகளைத் தூவி, குதிரைக்கறித் தட்டை நடுவில் வைத்து விருந்து மேசை ஆக்கினான். கணினியைச் சுவரோரத்தில் ஒரு சின்ன மேசைக்கு மாற்றி, அதன் முன்னால் பழைய கீபோர்டை வைத்தான். அதைப் பார்த்தால் யாருக்கும் எதையும் கேட்கத் தோன்றாது.

"ஒரு வார்த்தை முடியாதுன்னு சொல்லிட்டா முடிஞ்சிரும்ல?" என்றாள் ஸாவ்லே.

"சொல்லலாம். அப்புறம் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் என்னைக் கதவுக்குப் பக்கத்துல, கடைசி இடத்துல உக்கார வைப்பாங்க."

"இப்பவே உன்னை அங்கதான உக்கார வைக்கிறாங்க."

பிபிகுலோடு தோலேகென் வந்தான். கல்யாணங்களில் மைக் பிடிக்கும் அசபா அவன். வெள்ளிக்கிழமை முதல் ஞாயிறுவரை யாராவது ஒருவருடைய மகிழ்ச்சிக்கு உரக்கக் கத்திக்கொண்டிருப்பது தொழில். நேற்றைய கல்யாணத்தின் மினுக்குக் கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தான். கண்ணுக்குக் கீழே கருவளையம்.

"மாமா!" என்று கட்டிக்கொண்டான். தொண்டை கட்டிப்போயிருந்தது. "கை நடுங்குதாமே. என் கன்னம் அவ்வளவு கெட்டியா?"

சாப்பிட உட்கார்ந்தார்கள். கறி முடிகிறவரை எல்லாம் நன்றாகவே போனது. தோலேகென் முதுகை நிமிர்த்த மேசை விளிம்பைப் பிடித்தான். விரிப்புக்குக் கீழே ஏதோ க்ளிக் என்றது. கறித் தட்டு, தேநீர்க் கிண்ணங்கள், பவுர்சாக் எல்லாம் நிதானமாக மேலே கிளம்பின. மேசை பிபிகுலின் மோவாயைத் தாண்டிப் போய் நின்றது.

"மாமா," என்றான் தோலேகென், அண்ணாந்து பார்த்து, "சாப்பாடு எங்க போகுது?"

"புது மேசை," என்றான் ரவான். இனி மறைத்துப் பயனில்லை. "வேணுமா? எடுத்துக்கோ. மோட்டாரோட."

"என் கார்ல ஸ்பீக்கருக்கே இடமில்ல. மேசைய எங்க வைப்பேன்?"

பிபிகுல் நின்றபடியே தேநீரைக் குடித்து முடித்தாள். மேசை ஏறினால் என்ன, இறங்கினால் என்ன; அவள் வந்தது கைக்காக. "எங்க, டைப் அடிச்சுக் காட்டு. நானே பாக்குறேன். உன் மருமகன் பேர அடி."

ரவான் பழைய கீபோர்டின் முன் உட்கார்ந்தான். அப்போதுதான் ஒரு விஷயம் உறைத்தது. விரல்கள் புது வரிசைக்குப் பழகி மூன்று மாதம் ஆகிறது. கட்டைவிரல்கள் இல்லாத பட்டனைத் தேடின. சுண்டுவிரல் எங்கோ போய் விழுந்தது. திரையில் வந்தது பெயர் அல்ல. யாரோ இருமியது போல இருந்தது. அழித்துவிட்டு மறுபடி அடித்தான். இந்த முறை தும்மினார்கள்.

"பத்து வருஷமா இதத்தான் பண்றியா மாமா?" என்றான் தோலேகென், நிஜமான அக்கறையுடன். "அவங்க உன்னக் கண்டுபிடிக்கலையா?"

பிபிகுலின் கண் நிறைந்துவிட்டது. "ஐயோ, இவ்வளவு தூரம் முத்திப்போச்சே! பேர்கூட வரலையே! ரவான், தம்பி, ஏண்டா எங்கிட்ட மறைச்ச?"

"அக்கா, கை நல்லாத்தான்..."

"பேசாத. நீ பேசாத."

அவள் விசும்புவதைப் பார்த்துக்கொண்டு நிற்க ஸாவ்லேயால் முடியவில்லை. குளியலறைக்குப் போனாள். வாஷிங் மெஷின் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. துண்டு மூட்டையோடு வந்து, இரண்டு பாதிகளையும் எடுத்து வைத்து, கேபிளை மாட்டினாள். ரவான் அவளைப் பார்த்தான். அவள் ஜன்னலைப் பார்த்தாள்.

வேறு வழியில்லை. அடித்தான். தோலேகென் பெயர், அக்கா பெயர், அக்கா வீட்டு விலாசம், அவளுக்குப் பிறந்தநாள் வாழ்த்து. பட்டன்கள் மழைச்சத்தம் போட்டன. கை அசைந்ததாகவே தெரியவில்லை. பிபிகுல் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப இதுதான் மருந்தா?" என்றாள்.

தோலேகென் கிட்டே நகர்ந்தான். இடது பாதியைக் கையில் எடுத்தான். திருப்பினான். எழுத்தில்லாத பட்டன்களை ஒவ்வொன்றாக அழுத்தினான். கீழே சின்ன நீல விளக்கு எரிந்தது. பதினெட்டு வருடமாக ரவான் பயந்து காத்திருந்த முகம் அது.

"மாமா, இந்தப் பட்டன அமுக்குனா ஒரு பாட்டு வர்ற மாதிரி பண்ண முடியுமா?"

"முடியும்," என்றான் ரவான். பொய் சொல்லத் தோன்றியிருக்க வேண்டும். பத்து வருடமாக 'முடியுமா' என்று கேட்கிறவர்களுக்கு உண்மை சொல்லிப் பழகிய வாய்.

"கைத்தட்டு? டமாரம்? குதிரை கனைப்பு?"

"எல்லாம் முடியும்."

"மேடையில லேப்டாப்பத் தடவித் தடவி எனக்குக் கண்ணே போச்சு மாமா. இது ஒரு கைக்குள்ள அடங்குது. இருட்டுலயும் தெரியுது." நிமிர்ந்து உட்கார்ந்தான். குரல் மைக் குரலாக மாறியது. "அம்மா சாட்சி, அத்தை சாட்சி. என் மூணாவது உரிமைய இப்பக் கேக்கறேன். நான் பேராசைக்காரன் இல்ல. பாதி போதும். உனக்குப் பாதி, எனக்குப் பாதி."

"மாப்ளே, நாற்காலிய எடுத்துக்கோ."

"பாதி போதும்னு சொல்றேன், நீ முழு நாற்காலி தர்றேங்கற. நல்ல மனசு மாமா உனக்கு. பாதி போதும்."

"இடது பாதிதான் கம்ப்யூட்டரோட பேசும். அது போனா வலது பாதி ஊமை. நான் வேலை செய்யணும்ல? வருஷக் கடைசி வரைக்கும்..."

"ரவான்," என்றாள் அக்கா. "குடுக்கும்போது கணக்குச் சொல்லாத."

ரவானுக்கு வாதாட நிறைய இருந்தது. வாதாடுவதற்கு வேண்டிய தெம்பு மட்டும் இல்லை. கூடவே, இது மூன்றாவது. இதோடு முடிந்தது. நாளையே நல்ல கெட்டில் வாங்கலாம். அப்படி நினைத்துக்கொண்டு கேபிளைக் கழற்றினான். தோலேகெனின் லேப்டாப்பில் ஒரு சின்ன புரோகிராம் எழுதிப் போட்டான்: இந்தப் பட்டனுக்குக் கைத்தட்டு, அதற்கு டமாரம், மேல் வரிசையில் தோம்ப்ராவின் தந்தி இசை, ஓரத்தில் குதிரை. பழைய கீபோர்டில் அதை எழுதி முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. பிபிகுல் அவன் இரண்டு கைகளிலும் முத்தமிட்டுவிட்டுப் போனாள்.

நல்ல கெட்டில் வாங்கவில்லை. திங்கள் முதல் வியாழன்வரை பழைய கீபோர்டோடு மல்லாடினான். கம்பெனிக்கு எழுதியதில் பாதியை அழிக்க வேண்டியிருந்தது. போலந்துக்காரருக்கு இடது பாதி மட்டும் கிடைக்குமா என்று எழுதினான். ஜோடியாகத்தான் செய்கிறேன், வரிசையில் உங்களுக்கு முன்னால் நூற்றுப்பத்துப் பேர் என்று பதில் வந்தது. வெள்ளிக்கிழமை மோதிரவிரல் மரத்தது. ஞாயிற்றுக்கிழமை தேநீர்க் கிண்ணம் கையிலிருந்து நழுவி உடைந்தது. ஸாவ்லே துடைப்பத்தை எடுத்து வந்தாள். இன்னும் பத்து நாள், பிறகு மூன்றாவது விடுப்பு, பிறகு பூப்படம் வைத்த இன்னொரு கடிதம். இருவருக்கும் அது தெரியும்.

திங்கள் காலை ஒன்பதரைக்குக் கதவு தட்டப்பட்டது. தோலேகென். ஒரு கையில் கல்யாணத்தில் மிஞ்சிய கறியும் இனிப்பும் கட்டிய பை. மறு கையில் லேப்டாப்பும் இடது பாதியும்.

"மாமா, மானம் போச்சு. பொண்ணோட முகத்திரைய விலக்குறோம். சபையே மூச்ச அடக்கி உக்காந்திருக்கு. நான் தோம்ப்ராவ அமுக்குறேன். குதிரை கனைக்குது."

"ஐயோ."

"ரெண்டு தடவ. மாமியார் எந்திரிச்சுப் போயிட்டா."

ரவான் பார்த்தான். அவன் தப்புதான். அன்றைக்குப் பழைய கீபோர்டில் தடுமாறியதில் இரண்டு எண்களை மாற்றி அடித்திருந்தான். "கொஞ்ச நேரம் ஆகும். உக்காரு."

தோலேகென் நாற்காலியில் உட்கார்ந்தான். மூன்று நாளில் நாலு கல்யாணம். ஏதோ ஒரு கைப்பிடியைத் தொட்டான். நாற்காலி அவனை மெல்லச் சாய்த்துக்கொண்டது. "ஆங்," என்றான். அதற்குமேல் பேச்சில்லை. குறட்டை.

தப்பைச் சரிசெய்ய நாலு நிமிடம் ஆனது. இடது பாதி மேசையில் இருந்தது. வலது பாதி அலமாரியில். ரவான் ஒரு நிமிடம் யோசித்தான். கேபிளை மாட்டினான். நாற்காலியில் ஆள் இருந்ததால் மேசையை உயர்த்தி, நின்றுகொண்டே கம்பெனி வேலையைத் திறந்தான். ஆறு மணி நேரம் ஒரே மூச்சில் அடித்தான். போன வாரம் முழுவதும் செய்யாததை அன்று முடித்தான். கை வலிக்கவில்லை.

மூன்றரைக்குத் தோலேகென் விழித்தான். "சரியாயிடுச்சா மாமா?"

"ஆயிடுச்சு."

அவன் கோட்டை எடுக்கப் போன இடைவெளியில் ரவான் லேப்டாப்பில் இன்னும் ஒரு வரி சேர்த்தான். புரோகிராம் எழுதுகிற யாரும் வெளியில் சொல்லிக்கொள்ளாத வகை வரி. ஞாயிறு முடிந்து திங்கள் பிறந்ததும் எல்லாப் பட்டனும் ஊமையாகிவிடும்.

அடுத்த திங்கள் பை கொஞ்சம் பெரிதாக இருந்தது. "நேத்து நடுராத்திரி, கேக் வெட்டுற நேரம் மாமா. ஒரு பட்டனும் பேசல. டமாரத்த நானே வாயால அடிச்சேன். டும் டும்னு. அந்த ஊர்ல இனி என்னக் கூப்பிட மாட்டாங்க."

"விசித்திரமா இருக்கே," என்றான் ரவான், திரையைப் பார்த்தபடி. "தேடிப் பாக்கணும். நேரம் ஆகும்."

"தேடு," என்று சொல்லிவிட்டு நாற்காலிக்குப் போனான்.

மூன்றாவது திங்களும் வந்தான். இந்த முறை புகார் எதுவும் சொல்லவில்லை. பையை ஸாவ்லேயிடம் கொடுத்தான். இடது பாதியை அதன் இடத்தில், ரவானின் இடது தோளுக்கு நேரே, அவனே வைத்தான். கேபிளையும் அவனே மாட்டினான். ஒரு வலி, ஒரு தூக்கம், ஒரு திங்கட்கிழமை என்று முகத்தில் எல்லாம் சேர்ந்து தொங்கிக்கொண்டிருந்தது.

"மாமா, ஒண்ணே ஒண்ணு. இந்த வாரம் எது எப்பக் கெட்டுப்போகும்னு முன்கூட்டியே சொல்லிரு. நேத்து மாப்பிள்ளை வீட்டுக்காரங்க முன்னாடி அசிங்கமாப் போச்சு."

ரவானின் காது சூடானது. "எப்பலேந்து தெரியும்?"

"பள்ளிக்கூடத்துல என் சைக்கிள் செயின நீ வாரா வாரம் கழட்டி விடுவ. நான்தான் உங்கிட்ட ஓட்டிட்டு வருவேன், சரி பண்ண. நீ ஒரு சுத்துப் போயிட்டு வந்து குடுப்ப." கொட்டாவி விட்டான். "கேட்டு வாங்கினதத் திருப்பிக் குடுத்தா ரெண்டு பேருக்கும் ஆகாது. அம்மா என்னத் தொலைச்சிருவாங்க. ரிப்பேருக்குக் குடுத்தா ஒண்ணும் இல்ல. எனக்கு வெள்ளி சாயங்காலந்தான் வேணும். அதுவரைக்கும் ரிப்பேர் ஆகும்ல?"

"ஆகும்," என்றான் ரவான். கொஞ்சம் பொறுத்து, "வெள்ளி மதியம் வரைக்கும் ஆகும்."

"மோசமான ரிப்பேர்தான்."

"ரொம்ப மோசம்."

"சரி. உக்காரட்டுமா?"

பதிலுக்குக் காத்திராமல் உட்கார்ந்தான். எந்தக் கைப்பிடி எதற்கென்று இதற்குள் அவனுக்குத் தெரிந்திருந்தது. இரண்டு நிமிடத்தில் மினுக்குக் கோட்டோடு தூங்கிப்போனான். ரவான் மேசையை உயர்த்தினான். கால் ஏற்கெனவே கடுத்தது. வருடக் கடைசிக்கு இன்னும் ஏழு திங்கட்கிழமைகள் இருந்தன. முழங்கையைத் தொண்ணூறு டிகிரிக்குக் கொண்டுவந்து, அடிக்க ஆரம்பித்தான்.